தோற்றவன் எழுதும்போது

ரான் டார்லிங் என்ற பேஸ்பால் வீரரைப் பற்றி இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பேன். ஒன்று, அவருக்கு 20 வயதாக இருந்தபோது ரோஜர் ஏஞ்சல் ‘தி நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரை. மற்றொன்று, 55 வயதில் அவரே டேனியல் பைஸ்னரின் துணையோடு எழுதிய புத்தகம். கட்டுரையில் வரும் ஆட்டத்தில் டார்லிங் அபாரமாகப் பந்து வீசித் தோற்கிறார். புத்தகத்தில் வரும் ஆட்டத்தில் அவர் மோசமாக வீசுகிறார். ஆனால் அவருடைய அணி சாம்பியன் பட்டம் வெல்கிறது.

ஏஞ்சலின் கட்டுரை அமெரிக்க விளையாட்டு எழுத்தில் பெரிதாகக் கொண்டாடப்படுவது. டார்லிங்கின் புத்தகத்துக்கு அந்த இடம் இல்லை. நியாயம்தான், உரைநடையில் இரண்டும் பக்கத்தில்கூட நிற்க முடியாது. இருந்தாலும், பின்னதைப் படித்த பிறகு முன்னதைப் பழையபடி படிக்க முடியவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பிட்சர் என்பவர் பந்து வீசுபவர். கிரிக்கெட் மாதிரி ஓவருக்கு ஓவர் ஆள் மாற மாட்டார். ஒருவரே ஆட்டம் முழுக்கக்கூட வீசலாம். ஆனால் ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட் ஆகும்வரை அடிக்கலாம். சமனில் நின்றால் கூடுதல் இன்னிங்ஸ் தொடரும். எதிரணியில் ஒருவர்கூட ஒழுங்காக அடித்து ஒரு பேஸைப் பிடிக்க முடியாதபடி முழு ஆட்டத்தையும் வீசி முடித்தால் அதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். நல்ல பிட்சர்கள் பலருக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமையாது.

1981 மே 21. கனெக்டிகட் மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் மைதானம். கல்லூரிகளுக்கு இடையிலான என்சிஏஏ போட்டியின் பிராந்தியச் சுற்று. யேலும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. யேலுக்கு வீசுபவர் ரான் டார்லிங். ஹவாயில் பிறந்து மாசசூசெட்ஸில் வளர்ந்த மூன்றாம் ஆண்டு மாணவர். எதிரில் ஃப்ராங்க் வயோலா. பின்னாளில் 1987 உலகத் தொடரின் சிறந்த வீரராகவும், 1988இல் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சராகவும் ஆகப்போகிறவர்.

டார்லிங் 11 இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. 16 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆனால் வயோலாவும் 11 இன்னிங்ஸ் வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆட்டம் 12ஆம் இன்னிங்ஸுக்குப் போனது. அங்கே செயின்ட் ஜான்ஸின் ஸ்டீவ் ஸ்காஃபா முதல் ஹிட்டை அடித்தார். விளாசிய அடி அல்ல, மெல்ல மிதந்து ஆளில்லாத இடத்தில் விழுந்த பந்து. பந்தடித்த டார்லிங்கின் எதிரணியினரே டக்அவுட்டிலிருந்து எழுந்து டார்லிங்குக்காகக் கை தட்டினார்கள். ஸ்காஃபா இரண்டாம் பேஸுக்குத் ‘திருடி’ ஓடினார். அப்புறம் மூன்றாம் பேஸுக்கு. பிறகு முதல் பேஸில் இருந்த இன்னொரு வீரர் ஓடுவதுபோல் காட்டி யேல் வீரர்களின் கவனத்தை இழுக்க, அந்த இடைவெளியில் ஸ்காஃபா ஓடிவந்து ரன்னை எடுத்துவிட்டார். 1-0. மொத்த ஆட்டத்திலும் டார்லிங் கொடுத்தது அந்த ஒரே ஒரு ஹிட்.

சும்மா ஒரு கல்லூரி ஆட்டம், சுமார் 2,500 பேர் பார்த்தது. அது இலக்கியமானதற்குக் காரணம், அந்தக் கூட்டத்தில் ஏஞ்சலும் அவருக்குப் பக்கத்தில் ஸ்மோக்கி ஜோ வுட் என்ற 91 வயதுக் கிழவரும் உட்கார்ந்திருந்தது.

2

ஏஞ்சல் ‘தி நியூயார்க்கர்’ இதழின் புனைகதை ஆசிரியராக இருந்தவர். பேஸ்பால் அவருக்கு வேலை அல்ல, ஈடுபாடு. அந்த ஆட்டத்தைப் பற்றிய ‘தி வெப் ஆஃப் தி கேம்’ 1981 ஜூலையில் வெளியானது. அப்போது அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டமே இல்லை. ஜூன் 12இலிருந்து வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஆட்டமில்லாத அந்தக் கோடையில், சம்பளம் வாங்காத மாணவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி அந்தக் கட்டுரை வந்தது. வாசகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஜோ வுட் யார் என்று தெரிந்தால்தான் கட்டுரையின் கனம் புரியும். 1912இல், 22 வயதில், அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 34 ஆட்டங்களை வென்று 5இல் மட்டும் தோற்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் வால்டர் ஜான்சன் என்ற மாபெரும் பிட்சரை நேருக்கு நேர் சந்தித்து 1-0 என்று வென்றார். உலகத் தொடரில் மேலும் மூன்று வெற்றிகள். அடுத்த ஆண்டே கட்டைவிரல் உடைந்தது. பின்னாலேயே தோள்பட்டை வலி வந்தது. வலியோடு இன்னும் சில பருவங்கள் வீசிப் பார்த்தார். கை திரும்பவில்லை. பந்து வீசுவதை விட்டுவிட்டு, கிளீவ்லாண்ட் அணியில் வெளிக்களத் தடுப்பாளராகவும் பேட்டராகவும் இரண்டாம் வாழ்க்கை ஒன்றை அமைத்துக்கொண்டார். அதன்பின் 1923 முதல் 1942 வரை இதே யேலில் பயிற்சியாளராக இருந்தார்.

ஏஞ்சல் செய்தது எளிமையான ஒரு காரியம். கைபோன பிட்சர் ஒருவர் கிழவராகி உட்கார்ந்து, கை பூத்து நிற்கும் பையன் ஒருவனைப் பார்க்கிறார். ஏஞ்சல் இருவரையும் பார்க்கிறார். 1912ஐப் பற்றிக் கேட்கும் ஆவலோடுதான் வுட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனால் கண்முன் நடப்பது போகப் போக இருவரையும் இழுத்துக்கொள்கிறது. நிகழ்காலம் பழைய கதையை ஓரங்கட்டிவிடும் அந்த நகர்வுதான் கட்டுரையின் உயிர். தலைப்பில் உள்ள ‘வலை’ என்ற சொல்லை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: 69 ஆண்டு இடைவெளியில் இரண்டு 1-0 ஆட்டங்கள், ஒன்றில் வென்றவர், மற்றொன்றில் தோற்கப்போகிறவர், நடுவே பார்ப்பவர்.

ஏஞ்சல் உணர்ச்சியை ஊதிப் பெருக்குபவர் அல்ல. பந்து பந்தாகக் குறித்துக்கொண்டு எழுதுபவர். ஒரு தடுப்பாட்டம், ஒரு நிழல், யாரோ கத்தும் சத்தம் என்று சேர்த்துக்கொண்டே போய், ரொம்பத் தாமதமாகத்தான் நமக்கு நெஞ்சு அடைக்க வைப்பார். ஆகவே தோல்வியை மலிவாக அழகாக்கினார் என்று அவர்மீது குற்றம் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். டார்லிங் அன்று ஜெயித்திருந்தால்? 12 இன்னிங்ஸ் நோ-ஹிட்டர், 1-0 வெற்றி. அது சாதனைப் பட்டியலில் ஒரு வரியாக இருந்திருக்கும். இந்தக் கட்டுரை இப்போதுள்ள வடிவில் இருந்திருக்காது. கட்டுரைக்கு அந்தத் தோல்வி தேவைப்படுகிறது. தோற்றதால்தான் அந்த இளைஞர் வுட்டின் உறவினர் ஆகிறார். தோற்றதால்தான் எதிரணியின் கைத்தட்டலுக்கு எடை வருகிறது.

3

தோற்றவரைப் பாடும் வழக்கம் நமக்கும் பழையது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான், சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். தோற்ற அரசன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையார் அவனைப் பாடினார். வெண்ணிக்குயத்தியார் இன்னும் ஒரு படி மேலே போய், வென்ற கரிகாலனிடமே அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டார். புறநானூற்றில் 65, 66ஆம் பாடல்கள்.

கல்லூரிக் காலத்திலிருந்து எனக்குப் பிடித்த பாடல்கள் இவை. வென்றவன் முகத்துக்கு நேராகத் தோற்றவனைப் புகழும் துணிச்சலைத்தான் எல்லாரும் வியப்பார்கள், நானும் வியந்தேன். ஏஞ்சலையும் டார்லிங்கையும் அடுத்தடுத்துப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டு பாடல்களும் பார்த்தவர்களுடையவை. வடக்கே பார்த்து உட்கார்ந்தவன் என்ன நினைத்தான் என்பதற்குப் பாட்டு இல்லை. இன்னொன்று: அவனை உட்கார வைத்தது தோல்வி அல்ல, முதுகுப் புண். போரில் தோற்பது வேறு, புண் முதுகில் படுவது வேறு. பாடியவர்கள் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுப் புகழுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்தவனால் அப்படி நகர்ந்திருக்க முடியாது.

டார்லிங்கின் புத்தகம் அந்த இடத்திலிருந்து எழுதப்பட்டது.

4

யேல் ஆட்டத்துக்குப் பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி டார்லிங்கை முதல் சுற்றிலேயே எடுத்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் மெட்ஸுக்கு மாற்றப்பட்டார். 1983 முதல் 1995 வரை மேஜர் லீகில் வீசி 136 வெற்றிகள், 116 தோல்விகள். நல்ல பிட்சர். மகத்தான பிட்சர் அல்ல. 1986 அவருக்கு நல்ல ஆண்டு: 15 வெற்றி, 6 தோல்வி. மெட்ஸ் உலகத் தொடரில் பாஸ்டன் ரெட் சாக்ஸைச் சந்தித்தது. ஆமாம், வுட்டின் பழைய அணி. டார்லிங் வளர்ந்த மாநிலத்தின் அணி.

முதல் ஆட்டத்தில் டார்லிங் 7 இன்னிங்ஸ் வீசினார். சகவீரர் ஒருவரின் தடுப்புப் பிழையால் வந்த ஒரே ரன்னில் மெட்ஸ் தோற்றது. மறுபடியும் 1-0. நான்காம் ஆட்டத்தில் 7 இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, வெற்றி. ஆறாம் ஆட்டம் பந்து பில் பக்னரின் கால்களுக்கு நடுவே உருண்டு போன ஆட்டம். பேஸ்பால் பார்க்காதவர்கள்கூட அந்த வீடியோவைப் பார்த்திருக்கலாம். தொடர் 3-3. ஏழாம் ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், அக்டோபர் 27 அன்று ஷே ஸ்டேடியத்தில் நடந்தது. பந்து டார்லிங்கின் கையில்.

இரண்டாம் இன்னிங்ஸில் டுவைட் எவன்ஸ் ஒரு ஹோம் ரன். அடுத்து வந்த ரிச் கெட்மன் இன்னொன்று. பிறகு வேட் பாக்ஸின் அடியில் ஒரு ரன். 3-0. நான்காம் இன்னிங்ஸ் முடிய ஓர் அவுட் பாக்கி இருக்கும்போது டார்லிங்கை வெளியே எடுத்துவிட்டார்கள். உள்ளே வந்த சிட் ஃபெர்னாண்டஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை இழுத்துப் பிடித்தார். ஆறாம் இன்னிங்ஸில் மெட்ஸ் சமன் செய்தது, ஏழாவதில் ரே நைட்டின் ஹோம் ரன்னால் முந்தியது, 8-5 என்று வென்றது.

இதைத்தான் 2016இல் ‘கேம் 7, 1986’ என்று புத்தகமாக எழுதினார். அதன் துணைத் தலைப்பில் ‘தோல்வியும் வெற்றியும்’ என்று அந்த வரிசையில்தான் வருகிறது. இந்த வரிசை முக்கியம். அணி வரலாற்றில் அது வெற்றி மட்டுமே. அவருக்குத்தான் இரண்டும், அதிலும் தோல்வி முதலில்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இவர் வருந்துவதற்கு முகாந்திரமே இல்லை. மூன்று ஆட்டங்களில் சேர்த்து 17 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். அவர் கணக்கில் சேர்ந்த ரன்கள் மூன்று மட்டுமே. பிட்சர்களை அளக்கும் ‘ஈஆர்ஏ’ கணக்கில் 1.53. யாரும் பெருமைப்படலாம். ஆனால் அந்த மூன்று ரன்களும் ஒரே இரவில், ஒரே இன்னிங்ஸில் விழுந்தன. சராசரி என்பது பரப்பிக் காட்டும் வித்தை. வாழ்ந்தவருக்கு அப்படிப் பரவுவதில்லை.

1-0 என்று தோற்ற முதல் ஆட்டம் இந்தப் புத்தகத்தின் காயம் அல்ல. 1981இன் 1-0 தோல்வியும் அல்ல. அவை தோல்விகள், அவ்வளவுதான். தன்னால் முடிந்ததைச் செய்து தோற்றவை. ஏழாம் ஆட்டம் வேறு வகை. நம்பிக் கொடுக்கப்பட்ட பந்தை நான்காம் இன்னிங்ஸிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியிருந்தது. மழை பொய்த்தது என்று சொல்கிறோம் இல்லையா, அந்தப் பொருளில் அன்று டார்லிங் பொய்த்தார். மழை யாரிடமும் தோற்பதில்லை. வர வேண்டிய நேரத்தில் வராமல் போகிறது. தோற்பதற்கும் பொய்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒரு புத்தகம் முழுக்கப் பிடித்து வைத்திருப்பதுதான் டார்லிங்கின் சாதனை என்று நினைக்கிறேன்.

அணி தோற்றிருந்தால் அவருக்கு ஒருவகையில் எளிதாக இருந்திருக்கும். துக்கத்துக்குப் பங்காளிகள் கிடைத்திருப்பார்கள், யாராவது ஓர் ஏஞ்சல் வந்து எழுதியிருப்பார். ஆனால் அணி வென்றுவிட்டது. எல்லாரும் ஷாம்பெயினில் குளிக்கிறார்கள், மோதிரம் வருகிறது, நியூயார்க் முழுக்க ஊர்வலம். அங்கே நின்று ‘நான் சரியாக வீசவில்லையே’ என்று முகத்தைத் தொங்கப்போட்டால் அது அநாகரிகம். சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். சொல்ல இடமில்லாத துக்கம் இது. அலுவலகத்தில் பெரிய புராஜெக்ட் ஒன்று லைவ் போன நாளில் கேக் வெட்டும்போது, தன் பகுதியை வேறொருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்ததை நினைத்துக்கொண்டு ஓரமாகக் கை தட்டும் ஆளைப் பார்த்திருப்போம். அவரிடம் யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். எதற்குச் சொல்வது? ஜெயிச்சாச்சே!

5

புத்தகத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். இணை எழுத்தாளர் தேய்த்துப் பளபளப்பாக்கிய நடை, அதில் தொலைக்காட்சிப் பேச்சின் வாடை. ஒரே வருத்தம் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது; சரி, புரிஞ்சுது என்று சொல்லத் தோன்றும் பக்கங்கள் உண்டு. அந்த அணியின் குடியும் கூத்தும் பற்றிய பகுதிகள் ரசிகர்களுக்கான தீனி. ஏஞ்சல் ஒரே பத்தியில் முடித்துவிடக்கூடியதை இவர் ஓர் அத்தியாயம் இழுக்கிறார்.

ஆனால் அமைப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் வீசியது நான்கு இன்னிங்ஸுக்கும் குறைவு. புத்தகமோ அத்தோடு நிற்காமல் ஆட்டத்தின் கடைசிவரை போகிறது. அதாவது, பெரும் பகுதியில் கதைசொல்லி வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் சுயசரிதையில் தன்னையே பாதி வழியில் வெளியே எடுத்துவிடும் எழுத்தாளர்கள் எத்தனை பேர்?

எங்கள் துறையில் சர்வர் விழுந்து எழுந்த பிறகு ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று ஓர் அறிக்கை எழுதுவார்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த முடிவு எங்கே கொண்டுபோய் விட்டது என்று, யாரையும் திட்டாமல், யாரையும் தப்பவிடாமல். அதில் அழகு எதிர்பார்க்க முடியாது. ஆனால் உள்ளே இருந்தவரால் மட்டுமே அதை எழுத முடியும். டார்லிங்கின் புத்தகம் 30 ஆண்டு தாமதமாக வந்த போஸ்ட்மார்ட்டம். மேட்டில் நிற்பவருக்கு அடுத்த பந்து என்ன என்பது எப்போதும் ஒரு தேர்வு. அந்தத் தேர்வு தவறும்போது, பார்ப்பவருக்குப் பந்து பறப்பது தெரிகிறது. வீசியவருக்கோ வீசாமல் விட்ட இன்னொரு பந்தும் சேர்ந்து தெரிகிறது. அந்த இரண்டாவது பந்தை ஏஞ்சலால் எழுத முடியாது. அது அவர் திறமையின் குறை அல்ல, உட்கார்ந்த இடத்தின் குறை.

இந்தப் புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் டார்லிங்கும் இடம் மாறியிருந்தார். 2006 முதல் அவர் மெட்ஸ் ஆட்டங்களின் தொலைக்காட்சி வர்ணனையாளர். பக்கத்தில் 1986 அணியின் சகவீரர் கீத் ஹெர்னாண்டஸும் கேரி கோஹனும். 2019இல் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு அதே பருவத்தில் வேலைக்குத் திரும்பினார். மேலே உட்கார்ந்து, கீழே இன்னொருவர் வீசுவதைப் பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. ஒருவகையில் அவர் வுட்டின், ஏஞ்சலின் இருக்கைக்கே வந்துவிட்டார். பார்ப்பவரின் கண்ணும் பழக்கமான பிறகுதான், தான் பொய்த்த இரவை அவர் எழுதியிருக்கிறார். உடனே எழுதியிருந்தால் புலம்பலாக இருந்திருக்கும். இப்போது தன்னையே தூரத்தில் வைத்துப் பார்க்கிறார்; அதே சமயம் தோள் இன்னும் அவருடையது.

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, மிச்சம் நிறைய இருக்கிறது என்பது பழைய செய்தி. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதற்கு வுட் ஒரு பதில்: கை போனால் பேட்டை எடு, அதுவும் முடிந்தால் பையன்களுக்குக் கற்றுக்கொடு. டார்லிங் இன்னொரு பதில்: மற்றவர்கள் சொல்லித்தந்த அழகான கதைக்குள் குடியிருக்காதே. 1981 ஆட்டத்தை வைத்தே அவர் ஆயுசுக்கும் ஓட்டியிருக்கலாம். எதிரணியே கை தட்டிய தோல்வி, இலக்கியமாகிவிட்ட தோல்வி. யார் கேட்டாலும் சொல்லலாம், எல்லாரும் தலையாட்டுவார்கள். 2016இல் முழுப் புத்தகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது யாரும் கை தட்டாத இரவை.

முதலில் ஏஞ்சலைப் படியுங்கள், அவருக்கு இணையாக எழுதுபவர்கள் குறைவு. பிறகு டார்லிங்கைப் படியுங்கள், நடையின் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு. அப்புறம் வெண்ணிக்குயத்தியாரிடம் திரும்பி வந்தால் பாட்டின் பெருமை கொஞ்சமும் குறைந்திருக்காது. ஆனால் பாட்டுக்கு வெளியே ஓர் ஆள் வடக்கே பார்த்து உட்கார்ந்திருப்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். புகழ்ச்சி அவன் காதில் விழுந்ததா, விழுந்திருந்தாலும் அவனுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று கேட்கத் தோன்றும்.